பதவி போன அதிகாரி: குற்றத் தொடரின் பலமான வில்லன்

குற்றத் தொடர்களில் வில்லனுக்குப் பஞ்சம் இல்லை. கடன்முதலை, போதைப்பொருள் கடத்துகிறவன், மோசடிக் கும்பலின் தலைவன், கூலிக்கு ஆளை அடிக்கிறவன் என்று வரிசையாக வருவார்கள். தலைகாட்டியதுமே ஆள் யார் என்று நமக்குத் தெரிந்துவிடும். இவர்களுக்கு நடுவே, முழுக்கைச் சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு, குரலை உயர்த்தாமல் பேசுகிற ஒருவர் எப்போதாவது வருகிறார். ஒரு காலத்தில் பெரிய அரசாங்க அதிகாரி. ஏதோ ஒரு விவகாரத்தில் வேலை போனது, பெயர் நாளிதழில் வந்தது. தொலைக்காட்சிக் குற்றக் கதைக்குக் கிடைக்கக்கூடிய மிகப் பலமான வில்லன் இவர்தான் என்பது என் உறுதியான எண்ணம். ஏன் என்பதை, சிங்கப்பூரின் வசந்தம் ஒளிவழியில் இரவுத் தொடர் பார்க்கிறவர்களுக்கும், ஒரு நாள் அப்படியொரு தொடருக்குக் கதை எழுத ஆசைப்படுகிறவர்களுக்கும் புரியும்படி சொல்லிப் பார்க்கிறேன்.

முதலில் ஆள் யார் என்று தெளிவாக்கிக்கொள்வோம். மக்கள் சார்பில் அதிகாரம் பெற்ற ஒருவர். அமைச்சராக இருக்கலாம், காவல்துறை அதிகாரியாக இருக்கலாம், ஏதோ ஒரு வாரியத்தில் கொள்முதலுக்குக் கையெழுத்துப் போடும் துணை இயக்குநராகவும் இருக்கலாம். அந்த அதிகாரத்தைத் தனக்காகப் பயன்படுத்துகிறார். அது வெளியே தெரிகிறது. பதவியும் பெயரும் போகின்றன. அதற்குப் பிறகும் அவர் கதையில் இருக்கிறார். லஞ்சம் வாங்கும் அதிகாரி எத்தனையோ கதைகளில் உண்டு; பிடிபட்டதும் அவர் பங்கு முடிந்துவிடும். நாம் பேசுகிற வில்லனுக்குக் கதை அங்கேதான் தொடங்குகிறது.

இந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொள்ள நம்மிடமே ஒரு பழைய ஆள் இருக்கிறான். மதுரையில் கோவலன் மேல் பழியைப் போட்ட பொற்கொல்லன். அரசியின் சிலம்பைத் திருடியவன் அவன்தான். ஆனால் அவன் வழிப்பறிக்காரன் இல்லை. அரண்மனைக்கு வேலை செய்கிறவன், அரசன் முன்னால் போய் நின்று பேச முடிந்தவன். அந்த இடத்தில் இருந்து அவன் சொன்னதால்தான் அரசன் விசாரிக்காமல் நம்பினான். பதவியை வைத்துத் தப்பு செய்கிற வில்லனுக்கு இதைவிடக் கச்சிதமான உதாரணம் கிடைக்காது. ஆனால் அவன் நம் ஆள் இல்லை. அவன் கடைசி வரை அரசனின் நம்பிக்கைக்கு உரியவனாகவே இருந்தான். ஒருவேளை அவன் திருட்டு முன்பே அம்பலமாகி, அரண்மனையை விட்டுத் துரத்தப்பட்டு, அதே மதுரைத் தெருவில் கடை போட்டு உட்கார்ந்திருந்தால்? எந்த வாசலில் எந்தக் காவலன் எத்தனை மணிக்கு மாறுவான் என்பது அவனுக்குத் தெரியும். யாருக்கு எவ்வளவு கடன் என்பதும் தெரியும். அந்த ஆள்தான் நாம் பேசப்போகிறவர்.

சரி, சிங்கப்பூரில் இந்த வில்லனுக்கு என்ன தனிச்சிறப்பு?

தமிழ்நாட்டுப் படங்களிலும் தொடர்களிலும் ஊழல் அதிகாரி பெரும்பாலும் கடைசிக் காட்சி வரை சட்டத்துக்கு மேலே நிற்பார். கதாநாயகன் அவர் முகத்திரையைக் கிழிப்பதுதான் உச்சம். அதே கதையை இங்கே கொண்டுவந்து வைத்தால், பார்க்கிறவர்கள் ஒரு கேள்வி கேட்பார்கள்: "இவ்வளவு நாளா லஞ்ச ஊழல் புலனாய்வுப் பிரிவு என்ன செய்துகொண்டிருந்தது?" அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாவிட்டால் கதை அங்கேயே விழுந்துவிடும்.

அந்தப் பிரிவு உருவான கதையே ஒரு முதல் அங்கத்துக்குப் போதும். 1951 அக்டோபரில் பொங்கோல் கடற்கரையில் 1,800 பவுண்டு அபின் கொள்ளை போனது. அன்றைய மதிப்பு ஏறக்குறைய 4 லட்சம் வெள்ளி (டாலர்). கொள்ளையில் காவல்துறைத் துப்பறிவாளர்களே சம்பந்தப்பட்டிருந்தது விசாரணையில் தெரிந்தது. அப்போது ஊழலை விசாரிக்கும் பொறுப்பும் காவல்துறைக்குள் இருந்த ஒரு சிறு பிரிவிடம்தான் இருந்தது. தங்களோடு வேலை பார்ப்பவர்களைத் தாங்களே விசாரிப்பது நடக்காத காரியம் என்று புரிந்ததும், 1952ல் காவல்துறைக்கு வெளியே தனி அமைப்பை ஏற்படுத்தினார்கள். அது இன்று பிரதமரின் கீழ் இயங்குகிறது. பிரதமரே ஒரு விசாரணைக்கு இசைவு தர மறுத்தாலும், அதிபரின் ஒப்புதலோடு இயக்குநர் விசாரணையைத் தொடர அரசியலமைப்புச் சட்டம் இடம் கொடுக்கிறது.

இதனால் கதை எழுதுகிறவருக்கு என்ன ஆகிறது என்றால், 'பிடிபடுவாரா மாட்டாரா' என்ற பழைய கேள்வி இங்கே பலவீனமாகிவிடுகிறது. பிடிபடுவார் என்றுதான் எல்லாரும் எதிர்பார்க்கிறார்கள். எழுதுகிறவர் வேறு கேள்விக்குப் போக வேண்டும்: பிடிபட்ட பிறகு இந்த மனிதரிடம் என்ன மிச்சம் இருக்கிறது? அதை வைத்து அவர் என்ன செய்வார்?

பரிசுப் பொருளும் விமானச் சீட்டும்

மிச்சம் என்ன என்று பார்ப்பதற்கு முன், அவர் எப்படி விழுந்தார் என்பதைச் சரியாகக் காட்ட வேண்டும். பல தொடர்கள் தடுக்கி விழுவது இங்கேதான். பெட்டி நிறையப் பணம், நள்ளிரவுக் கார் நிறுத்துமிடம், கறுப்புக் கண்ணாடி. இங்கே நடந்த வழக்குகளைப் படித்தவர்களுக்கு இது ஒட்டாது.

ஊழல் தடுப்புச் சட்டம் 1960ல் வந்தது. அதில் கதைக்காரர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு பிரிவு உண்டு. அரசாங்கத்தோடு தொழில் செய்கிறவர், அல்லது செய்ய நினைக்கிறவர், ஓர் அரசாங்க ஊழியருக்கு ஏதாவது கொடுத்தால், அது ஊழல் நோக்கத்தில் கொடுக்கப்பட்டது என்றே சட்டம் அனுமானித்துக்கொள்கிறது. அப்படி இல்லை என்று நிரூபிக்க வேண்டியது குற்றம் சாட்டப்பட்டவர் பொறுப்பு. அதாவது 'அன்பளிப்பாகத்தான் வாங்கினேன்' என்று வாயால் சொன்னால் போதாது. தண்டனைச் சட்டத் தொகுப்பின் 165ஆம் பிரிவு இன்னும் ஒரு படி முன்னால் போகிறது. தன் அலுவலோடு தொடர்புள்ள ஒருவரிடம் இருந்து மதிப்புள்ள பொருளை விலை கொடுக்காமல் வாங்கிக்கொண்டாலே குற்றம். பதிலுக்கு ஏதாவது செய்து கொடுத்தாரா என்று நிரூபிக்கத் தேவையில்லை.

முன்னாள் போக்குவரத்து அமைச்சர் ஈஸ்வரனின் வழக்கு பெரும்பாலும் இந்தப் பிரிவில்தான் முடிந்தது. 2023 ஜூலையில் கைதானார், 2024 ஜனவரியில் குற்றம் சாட்டப்பட்டுப் பதவி விலகினார், செப்டம்பரில் ஒப்புக்கொண்டார், அக்டோபர் 3ஆம் தேதி 12 மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அரசுத் தரப்பு கேட்டது 6 முதல் 7 மாதம். நீதிபதி அதைவிடக் கூடுதலாகக் கொடுத்தார். நம் சமூகத்தில் இந்தச் செய்தி எத்தனை வீடுகளில் எவ்வளவு வேதனையோடு பேசப்பட்டது என்பது எல்லாருக்கும் தெரியும். அவரை யாரும் வில்லனாக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அவர் நிஜ மனிதர், குடும்பம் உள்ளவர், தண்டனையை அனுபவித்து முடித்தவர். கதை எழுதுகிறவர் கவனிக்க வேண்டியது அந்த வழக்கில் வந்த பொருள்களை: இசை நாடகச் சீட்டுகள், காற்பந்து ஆட்டச் சீட்டுகள், எஃப்1 கார்ப் பந்தயச் சீட்டுகள், விஸ்கி, வைன், ஒரு பிராம்ப்டன் மடக்கு மிதிவண்டி. கட்டுக்கட்டாக நோட்டு எங்கேயும் இல்லை.

அதே வழக்கில் இன்னொரு சின்ன விவரம் இருக்கிறது. குற்றக் கதை எழுதுகிற எவரும் அதை நிதானமாக யோசித்துப் பார்க்க வேண்டும். 2022 டிசம்பரில் தோஹாவில் இருந்து சிங்கப்பூருக்கு ஒரு பிஸினஸ் கிளாஸ் விமானப் பயணம். செலவை வேறொருவர் ஏற்றுக்கொண்டார். 2023 மே மாதம், புலனாய்வு அந்தப் பயணப் பட்டியலைத் தொட்டுவிட்டது என்று தெரிந்த பிறகு, சீட்டுக்கான 5,700 வெள்ளி கட்டப்பட்டது. நீதிக்கு இடையூறு விளைவித்த குற்றமாக நின்றது இந்தப் பணம் செலுத்தல்தான்.

பாருங்கள், கடனைத் தீர்ப்பது மேலோட்டமாகப் பார்த்தால் நல்ல காரியம். யார் பார்த்தாலும் நேர்மையான செயல் என்றே தோன்றும். ஆனால் அது நடந்த தேதிதான் அதைக் குற்றமாக்குகிறது. ஒரு திரைக்கதையில் இந்த மாதிரி ஒரு திருப்பம் அமைந்தால், துப்பறிகிற அதிகாரிக்குத் துப்பாக்கியே தேவைப்படாது. மேசை மேல் இரண்டு தேதிகள் போதும்: பயணம் செய்த தேதி, பணம் கட்டிய தேதி. பார்க்கிறவர் தானாகவே நிமிர்ந்து உட்காருவார்.

சட்டம் பிடிக்காத ஒரு இடத்தையும் காட்டலாம். அரசாங்க ஊழியர் பரிசு வாங்கினால் அறிவிக்க வேண்டும். வைத்துக்கொள்ள ஆசைப்பட்டால் மதிப்பிட்ட விலையைக் கொடுக்க வேண்டும். இந்த நடைமுறை எல்லாருக்கும் தெரியும். அப்படியிருக்க, முதல் பரிசை அறிவிக்காமல் விட்ட அந்த ஒரு மாலை நேரத்தை நடிகர் எப்படி நடிப்பார்? படிவத்தைத் திறக்கிறார், பாதி நிரப்புகிறார், தொலைபேசி வருகிறது, மூடிவிடுகிறார். வில்லன் பிறக்கிற காட்சி இவ்வளவு சாதாரணமாக இருந்தால்தான் நம்ப முடியும்.

அவர் கையில் இருக்கும் ஆயுதம்

இப்போது மிச்சத்துக்கு வருவோம். பதவி போனால் அலுவலக அட்டை போகும், கார் போகும், செயலாளர் போவார். போகாதது ஒன்று உண்டு. அந்த இடம் எப்படி இயங்குகிறது என்ற அறிவு. இந்த வில்லனின் பலம் அவர் கெட்டவர் என்பதில் இருந்து வரவில்லை. ஒரு காலத்தில் அவர் திறமையான அதிகாரியாக இருந்ததில் இருந்து வருகிறது. தன் வேலையைக் கசடறக் கற்றவர் அவர். அதனால்தான் எங்கே ஓட்டை என்பதும் தெரியும்.

நிஜத்தில் இதை 2011ல் பார்த்தோம். சிங்கப்பூர் நில ஆணையத்தில் தொழில்நுட்பப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்த துணை இயக்குநர் ஒருவர், தனக்குக் கீழே வேலை பார்த்தவரோடு சேர்ந்து, வராத பொருளுக்கும் நடக்காத பராமரிப்புக்கும் போலி விலைப்புள்ளிகளும் ரசீதுகளும் தயாரித்து, ஏறக்குறைய 1 கோடியே 22 லட்சம் வெள்ளியைச் சுருட்டினார். அவருக்கு 22 ஆண்டுச் சிறை. கூட்டாளிக்கு 15 ஆண்டு. அங்கே யாரும் பூட்டை உடைக்கவில்லை. வாங்க வேண்டும் என்று கேட்பவர், ஒப்புதல் தருபவர், பொருள் வந்ததாக உறுதி செய்பவர் எல்லாரும் தனித்தனி ஆளாக இருந்தால்தான் அரசாங்கக் கொள்முதல் பாதுகாப்பாக இருக்கும். அந்தச் சங்கிலியின் இரண்டு மூன்று கண்ணிகள் ஒரே கூட்டத்தின் கைக்குப் போனால், மற்ற எல்லாக் காகிதமும் ஒழுங்காகவே தெரியும்.

அடுத்தது இன்னும் கசப்பானது. லஞ்ச ஊழல் புலனாய்வுப் பிரிவின் உதவி இயக்குநர் ஒருவரே 2008க்கும் 2012க்கும் இடையில் குறைந்தது 17 லட்சம் வெள்ளியைக் கையாடல் செய்தார். பணத்தில் பெரும் பகுதி சூதாட்டத்துக்குப் போனது. 2014ல் அவருக்கு 10 ஆண்டுச் சிறை. வேலியே பயிரை மேய்வது என்று நாம் சும்மா பேச்சுக்குச் சொல்வோமே, அது எழுத்துக்கு எழுத்து நடந்தது. அதற்கு அப்புறம் விதி இறுகியது. அரசாங்க ஊழியர் ஒரு மாதத்தில் 4 முறைக்கு மேல் உள்ளூர்ச் சூதாட்டக் கூடத்துக்குப் போனாலோ, வருடாந்திர நுழைவுச் சீட்டு வாங்கினாலோ 7 நாளுக்குள் அறிவிக்க வேண்டும். இந்த விதி ஒரு கதாசிரியருக்கு வரப்பிரசாதம். கதையில் ஒருவர் ஒரு மாதத்தில் மிகச் சரியாக 4 முறை போகிறார், ஒவ்வொரு மாதமும் அப்படியே. குற்றம் எதுவும் இல்லை. ஆனால் விதியின் விளிம்பைக் கணக்குப் பார்த்து நடக்கும் ஆள் என்பது அந்த ஒரு விவரத்திலேயே தெரிந்துவிடும்.

இந்த அறிவு எப்படி ஆயுதமாகிறது என்பதை ஒரு கற்பனைக் காட்சியில் காட்டுகிறேன். அடுக்குமாடி வீடுகளுக்குக் கீழே ஒரு காப்பிக்கடை. வேலை போன அதிகாரிக்கு ஐம்பத்தைந்து வயது. எதிரே அவருக்குக் கீழே ஒரு காலத்தில் வேலை கற்றுக்கொண்ட இளைஞன். பெரியவர் பணப்பையை எடுப்பதற்குள் தம்பி ஓடிப்போய் இரண்டு தே ஓ கோசோங் (பாலும் சீனியும் இல்லாத தேநீர்) வாங்கி வந்துவிட்டான். பழக்கம் போகவில்லை.

"எப்படி சார் இருக்கீங்க?"

"இருக்கேன்பா. இன்னும் என்ன சாரு. இப்ப நான் யாருக்கும் சார் இல்ல."

"எனக்கு எப்பவும் சார்தான் சார்."

கொஞ்சம் வீட்டுப் பேச்சு. பிள்ளையின் உயர்நிலைப் பள்ளி, அம்மாவின் முழங்கால். அப்புறம் பெரியவர் குவளையைச் சுற்றியபடி சொல்கிறார்: "அந்தத் தெம்பனிஸ் ஏலக்குத்தகை... விலை, ஆளு எதுவும் எனக்குச் சொல்லாதே. நீ சொல்லவும் கூடாது. மதிப்பீட்டுக் குழு கூடியாச்சா, அத மட்டும் சொல்லு."

"அடுத்த வியாழக்கிழமை சார்."

"ம். சரி, டீயக் குடி. ஆறிடப் போகுது."

அவ்வளவுதான். மிரட்டல் இல்லை, பணம் இல்லை. தம்பிக்குத் தான் ஒன்றும் தப்பு செய்யவில்லை என்றே தோன்றும். ஆனால் பெரியவருக்கு நடைமுறை தெரியும். வியாழக்கிழமை கூட்டம் என்றால் புதன்கிழமைக்குள் உறுப்பினர்களுக்குக் கோப்பு போய்ச் சேர்ந்திருக்கும். உறுப்பினர்களாக எந்தப் பிரிவுகளில் இருந்து ஆள் எடுப்பார்கள் என்பதும் தெரியும், ஏனென்றால் அந்த வழக்கத்தை ஏற்படுத்தியவரே அவர். ஒரு கிழமையைத் தெரிந்துகொண்டு ஐந்து பேரின் பெயரைக் கண்டுபிடித்துவிட்டார். வேறு எந்த வில்லனாலும் இது முடியாது. தம்பியின் நிலைமையோ பரிதாபம். அதிகாரபூர்வ ரகசியச் சட்டம் இப்போது பணியில் இருப்பவரையும் கட்டுப்படுத்தும், முன்பு இருந்தவரையும் கட்டுப்படுத்தும். டீயைக் குடித்து முடிப்பதற்குள் அவன் ஒரு கோட்டைத் தாண்டிவிட்டான். தாண்டியது அவனுக்கே ஐந்தாவது அங்கத்தில்தான் உறைக்கும்.

என்னைக் கேட்டால், இந்த வகைக் கதையின் இதயம் அந்தத் தம்பிதான். வில்லனையும் துப்பறிகிறவரையும் மட்டும் வைத்து எழுதினால் அது சதுரங்க ஆட்டமாகிவிடும். மரியாதையால் மாட்டிக்கொண்ட ஒருவன் நடுவில் வந்தால்தான் நம் வீட்டுக் கதையாகிறது. பெரியவர் கேட்டால் மறுக்கக் கூடாது என்று வளர்க்கப்பட்டவர்கள் நாம்.

அவமானம்

அடுத்து மானம். சிங்கப்பூர் சின்ன ஊர். தமிழ் பேசுகிறவர்களின் உலகம் அதைவிடச் சின்னது. கோவில், திருமணம், தேக்கா சந்தை, சமூக மன்றம் என்று எங்கே போனாலும் தெரிந்த முகம். பெரிய நகரத்தில் விழுந்தவர் வேறு பேட்டைக்குப் போய் ஒளிந்துகொள்ளலாம். இங்கே அதே மின்தூக்கியில் அதே பக்கத்து வீட்டுக்காரரோடு பன்னிரண்டு மாடி இறங்க வேண்டும். இந்த அழுத்தத்தில் ஒருவர் உடைந்தும் போகலாம், கல்லாகவும் இறுகலாம். வில்லன் என்பவர் இறுகியவர்.

தேசிய வளர்ச்சி அமைச்சராக இருந்த தே சியாங் வானின் கதை இங்கே நினைவுக்கு வராமல் இருக்காது. வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தில் தலைமைக் கட்டடக் கலைஞராகவும் பிறகு தலைமை நிர்வாகியாகவும் இருந்து, லட்சக்கணக்கானோர் குடியேறிய வீடுகள் எழும்பக் காரணமானவர்களில் ஒருவர். 1981லும் 1982லும் மொத்தம் 10 லட்சம் வெள்ளி லஞ்சம் வாங்கியதாக அவர் மேல் புலனாய்வு நடந்தது. பிரதமர் லீ குவான் இயூவைச் சந்திக்க விரும்பினார். புலனாய்வு முடியும் வரை சந்திக்க முடியாது என்று பிரதமர் மறுத்துவிட்டார். வழக்கு நீதிமன்றத்துக்குப் போகும் முன்பே, 1986 டிசம்பர் 14ல், அவர் உயிரை மாய்த்துக்கொண்டார். தொடர் எழுதுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள்: இப்படியொரு முடிவைக் கௌரவமான விடை போலக் காட்டாதீர்கள். பார்க்கிறவர்களில் அவமானத்தோடு தனியாகப் போராடிக்கொண்டிருக்கும் ஒருவர் இருக்கக்கூடும். கதைக்காக எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த மறுக்கப்பட்ட சந்திப்பைத்தான். பல ஆண்டு கூடவே வேலை பார்த்தவர் கதவைத் தட்டுகிறார், கதவு திறக்கவில்லை. திறக்காததுதான் சரி. இரண்டு பக்கமும் வலிக்கிற காட்சி அது.

ஓடிப்போனவரின் அவமானம் வேறு மாதிரி. தொழிற்சங்கத் தலைவராகவும் நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்த ஃபே இயூ கொக், நிதி முறைகேட்டு வழக்கில் பிணையில் இருந்தபோது நாட்டை விட்டு ஓடினார். ஏறக்குறைய 35 ஆண்டு கழித்து, 2015ல், 81 வயதில் பேங்காக்கில் உள்ள சிங்கப்பூர்த் தூதரகத்துக்குத் தானே வந்து சரணடைந்தார். 2016ல் 60 மாதச் சிறை. அத்தனை ஆண்டும் அவர் மனதில் என்ன ஓடியது என்பது அவருக்கே தெரியும். ஆனால் ஒரு கற்பனைப் பாத்திரத்தை அந்த நிலையில் வைத்து யோசித்தால் பத்து அங்கம் எழுதலாம்.

மனக்குறை என்பது இவற்றோடு சேர்ந்து வரும் மூன்றாவது சரக்கு. அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 'முப்பது வருஷம் உழைத்தேன், ஒரு சின்னத் தவறுக்கு என்னைத் தூக்கி எறிந்துவிட்டார்கள்' என்று அவர் உண்மையிலேயே நம்ப வேண்டும். நடிகரும் நம்ப வேண்டும். பார்க்கிறவருக்கு ஒரு நொடியாவது 'நியாயம்தானே' என்று தோன்றினால் போதும்.

இதில் ஒரு எச்சரிக்கை தேவை. குற்றச்சாட்டு வேறு, தீர்ப்பு வேறு. மத்திய போதைப்பொருள் ஒழிப்புப் பிரிவின் தலைவராக இருந்த ஒருவர் மேல் 2012ல் ஊழல் குற்றச்சாட்டு சுமத்தப்பட்டது. மாதக்கணக்கில் செய்தியில் அடிபட்டார். 2013 பிப்ரவரியில் நீதிமன்றம் அவரை எல்லாக் குற்றச்சாட்டுகளில் இருந்தும் விடுவித்தது. பெயர் கெடுவது ஒரு நாளில் நடந்துவிடும்; பெயர் மீள்வது அப்படி நடக்காது. ஆகவே தொடரில் ஓர் அதிகாரி 'விசாரிக்கப்படுகிறார்' என்றதுமே பின்னணி இசையை மாற்றி அவரை வில்லனாக்கிவிடுவது பெரிய அநியாயம். திறமையான எழுத்தாளர் இதையே கதைக்குப் பயன்படுத்திக்கொள்வார்: மூன்று அங்கம் வரை நாம் சந்தேகப்பட்ட அதிகாரி நிரபராதி, அவருக்கு ஆறுதல் சொல்ல வந்த பழைய மேலதிகாரிதான் நம் ஆள்.

நிஜ வழக்குகளில் இருந்து நடைமுறையை எடுக்கலாம், முகத்தை எடுக்கக் கூடாது. தமிழ்த் தொடரில் வில்லனுக்கு ஒரு வேலை, ஒரு பேட்டை, இரண்டு பிள்ளைகள் என்று கொடுத்ததுமே, 'இது இன்னாரைத்தானே சொல்கிறார்கள்' என்று பேச்சு கிளம்பிவிடும். அந்த இன்னாருடைய பிள்ளை மறுநாள் பள்ளிக்கூடம் போக வேண்டும். துறையை மாற்றுங்கள், குற்றத்தின் வகையை மாற்றுங்கள், குடும்ப அமைப்பை மாற்றுங்கள். நடைமுறை உண்மையாக இருந்தால் மற்ற எல்லாம் கற்பனையாக இருந்தாலும் கதை நிற்கும்.

கடைசியாக ஒரு கேள்வி பலர் கேட்பார்கள்: இவருக்கு எதிரே யாரை நிறுத்துவது? ஓடிப் பிடிக்கிற, கதவை உதைக்கிற அதிகாரியை நிறுத்தினால் வில்லன் வீணாகிவிடுவார். கணக்கு வழக்கைப் பொறுமையாகப் படிக்கிற, ஒரே கேள்வியை மூன்று விதமாகக் கேட்கிற ஒருவர் வேண்டும். முடிந்தால் வில்லனிடமே பயிற்சி பெற்றவர். அவர் எப்படி யோசிப்பார் என்பது இவருக்கும், இவர் எப்படி யோசிப்பார் என்பது அவருக்கும் தெரிந்திருந்தால், விசாரணை அறையில் இரண்டு நாற்காலியும் ஒரு மேசையும் வைத்தே முழு அங்கத்தையும் நடத்திவிடலாம். படப்பிடிப்புச் செலவும் குறைவு, அதுவும் நம் தயாரிப்பாளர்களுக்கு முக்கியம்தான்.

எழுதத் தொடங்கும் முன் செய்யக்கூடிய ஒரு காரியம் உண்டு. ஹேவ்லாக் சதுக்கத்தில் உள்ள அரசு நீதிமன்றங்களில் பெரும்பாலான வழக்கு விசாரணைகளைப் பொதுமக்கள் உட்கார்ந்து பார்க்கலாம். கைப்பேசியை அணைத்துவிட்டு, பின் வரிசையில் அமைதியாக இருந்தால் போதும். ஊழல் வழக்கோ நம்பிக்கை மோசடி வழக்கோ நடக்கிற நாளாகப் பார்த்துப் போங்கள். குற்றம் சாட்டப்பட்டவர் எழுந்து நிற்கும்போது எங்கே பார்க்கிறார், அவர் குடும்பம் எந்த வரிசையில் உட்கார்ந்திருக்கிறது, இடைவேளையில் அவரோடு யார் பேசுகிறார்கள், யார் பேசாமல் போகிறார்கள் என்று கவனியுங்கள்.